மறுபடியும் திவால் மனு போடும் முன்

அமெரிக்காவில் ஒருவர் தம் வாழ்நாளில் எத்தனை முறை திவால் மனு போடலாம் என்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. ஏற்கெனவே ஒரு முறை கடன் தீர்த்துக்கொண்டவர் மறுபடி வந்தாலும், சாப்டர் 7-க்கு 338 டாலரோ சாப்டர் 13-க்கு 313 டாலரோ கட்டணம் கட்டினால் நீதிமன்ற அலுவலகம் மனுவை வாங்கிக்கொண்டு வழக்கு எண்ணைக் கொடுத்துவிடும். எண் கிடைத்ததாலேயே பலன் கிடைத்துவிடும் என்று நம்புவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். திவால் சட்டம் ஒருவருக்குத் தருபவை மூன்று: மனு போடும் உரிமை, மனு போட்ட கணத்தில் வசூல், வழக்கு, சம்பளப் பிடித்தம், வீட்டு ஏலம் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் ஸ்டே, இறுதியில் கடனையே இல்லாமல் ஆக்கும் டிஸ்சார்ஜ். முதல் மனுவில் மூன்றும் சேர்ந்தே வருவதால் மூன்றையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிடுகிறோம். இரண்டாம் மனுவில் இவை பிரிந்துவிடுகின்றன. ஸ்டே உண்டு, டிஸ்சார்ஜ் இல்லை என்ற நிலை வரலாம். டிஸ்சார்ஜுக்குத் தகுதி இருந்தும் ஸ்டே இல்லாமல் போகலாம். சில வேளைகளில் மனு போடவே வழியில்லாமலும் போகலாம்.

இவற்றில் எது நமக்குக் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது முதல் வழக்கு எப்படி முடிந்தது என்பதுதான். முதல் வழக்கில் டிஸ்சார்ஜ் பெற்றவருக்கு அடுத்த டிஸ்சார்ஜ் தள்ளிப்போகிறது. முதல் வழக்கு பாதியில் தள்ளுபடியானவருக்கு டிஸ்சார்ஜ் தள்ளிப்போவதில்லை, ஸ்டேதான் சுருங்குகிறது. முதல் வழக்கில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவருக்கோ அந்தக் கடன்கள் பிற்பாடு எந்தச் சாப்டர் 7 வழக்கிலும் தீர்வதில்லை. ஆகவே இரண்டாம் மனுவைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் முதல் மனுவைப் போடும் காலமே. அந்த வாய்ப்பைத் தாண்டி வந்துவிட்டவர்கள், முதல் வழக்கின் கோப்பை எடுத்து வாசிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எட்டு, ஆறு, நான்கு, இரண்டு

முதலில் டிஸ்சார்ஜ் பெற்றவர்களைப் பார்ப்போம். சாப்டர் 7 என்பது விற்கத்தக்க சொத்து இருந்தால் டிரஸ்டி விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டு, மீதிக் கடனை ரத்து செய்யும் முறை. சாதாரணமாக நான்கு மாத அளவில் முடிந்துவிடும். சாப்டர் 13 என்பது வருமானத்திலிருந்து 3 முதல் 5 ஆண்டுகள் தவணை கட்டி, முடிவில் மிச்சத்திலிருந்து விடுபடும் முறை. சாப்டர் 7-இல் டிஸ்சார்ஜ் பெற்றவர் மறுபடியும் சாப்டர் 7-இல் டிஸ்சார்ஜ் பெற 8 ஆண்டு இடைவெளி வேண்டும். 2005-க்கு முன்பு இது 6 ஆண்டாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் இதை எட்டாக்கியது. சாப்டர் 7-க்குப் பிறகு சாப்டர் 13-இல் டிஸ்சார்ஜ் பெற 4 ஆண்டு. சாப்டர் 13-க்குப் பிறகு சாப்டர் 7 என்றால் 6 ஆண்டு. ஆனால் முந்தைய திட்டத்தில் பிணையில்லாக் கடன்களை முழுதாகக் கட்டியிருந்தாலோ, நல்லெண்ணத்தோடு முடிந்த மட்டும் முயன்று குறைந்தது 70 விழுக்காடு கட்டியிருந்தாலோ அந்த ஆறு ஆண்டுத் தடை இல்லை. சாப்டர் 13-க்குப் பின் மீண்டும் சாப்டர் 13 என்றால் 2 ஆண்டு.

இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூடத் தவறுவது எண்ணத் தொடங்கும் தேதியில். டிஸ்சார்ஜ் உத்தரவு வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. முதல் மனுவைத் தாக்கல் செய்த நாளிலிருந்து இரண்டாம் மனுவைத் தாக்கல் செய்யும் நாள் வரை எண்ண வேண்டும். ஒருவர் 2019 மார்ச் 11 அன்று சாப்டர் 7 மனு போட்டு, ஜூலையில் டிஸ்சார்ஜ் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சாப்டர் 7 டிஸ்சார்ஜுக்கு அவர் 2027 மார்ச் 11 கடந்த பிறகு மனு போட வேண்டும். ஜூலை வரை காத்திருக்கத் தேவையில்லை. சாப்டர் 13 டிஸ்சார்ஜுக்கான வாசலோ 2023 மார்ச் 11 கடந்ததுமே திறந்துவிட்டது. இன்னொருவர் 2018 ஜூனில் சாப்டர் 13 மனு போட்டு, ஐந்தாண்டுத் தவணையை முடித்து 2023-இல் டிஸ்சார்ஜ் பெற்றார் என்றால், அவருக்கு இரண்டு ஆண்டுத் தடை தவணை கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே கரைந்துபோயிற்று. ஆறு ஆண்டுத் தடையும் 2024 ஜூனில் தீர்ந்தது. திட்டம் வழக்கமாகக் குறைந்தது மூன்று ஆண்டு ஓடும் என்பதால், இரண்டு ஆண்டுத் தடையில் உண்மையிலேயே சிக்குபவர்கள், இடையில் நேர்ந்த பெருந்துன்பத்தைக் காட்டித் தவணை முடியும் முன்பே டிஸ்சார்ஜ் வாங்கிய சிலர்தான்.

எண்ணிக்கையில் ஒரு வாரம் பிசகினாலும் விளைவு பெரிது. எட்டு ஆண்டு முடியும் முன் சாப்டர் 7 மனு போட்டவருக்குக் கடன் ரத்தாகாது. ஆனால் அவருடைய விலக்கு பெறாத சொத்து டிரஸ்டியின் கைக்குப் போய்விடும். வழக்கைத் திரும்பப் பெற நினைத்தாலும் சாப்டர் 7-இல் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சொத்தும் போய், கடனும் நிற்கும் நிலை அது. எனவேதான் மனுப் படிவத்தின் முதல் பக்கங்களிலேயே கடந்த 8 ஆண்டுகளில் திவால் மனு போட்டதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. எந்த மாவட்ட நீதிமன்றம், எந்தத் தேதி, வழக்கு எண் என்ன என்று கட்டங்கள் போட்டுக் கேட்கிறது. தள்ளுபடியான வழக்கையும் அதில் எழுத வேண்டும். வேறு மாநிலத்தில் போட்டதுதானே என்று விட்டுவிடுவது வீண். திவால் நீதிமன்றங்கள் எல்லாம் கூட்டாட்சி நீதிமன்றங்கள். பேசர் என்ற மின்னணுப் பதிவேட்டில் நாடு முழுவதும் உள்ள வழக்குகளைத் தேடி எடுத்துவிடலாம்.

முதல் வழக்கு பாதியில் நின்றிருந்தால்

அடுத்தவர்கள், டிஸ்சார்ஜ் வரை போகாமல் வழக்கு தள்ளுபடியானவர்கள். சாப்டர் 13-இல் இவர்களே அதிகம். சாப்டர் 13-இல் தொடங்குபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே டிஸ்சார்ஜ் வரை போகிறார் என்று கேத்தரின் போர்ட்டர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வேலை போயிருக்கும், கார் பழுதாகியிருக்கும், தவணை நின்றிருக்கும். இவர்களுக்கு மேலே சொன்ன எட்டு, ஆறு, நான்கு, இரண்டு எதுவும் பொருந்தாது. டிஸ்சார்ஜே வாங்காதவருக்கு அடுத்த டிஸ்சார்ஜுக்கான இடைவெளி ஏது? ஆனால் முந்தைய வழக்கு கடந்த ஓராண்டுக்குள் நிலுவையில் இருந்து தள்ளுபடியாகியிருந்தால், புதிய வழக்கின் ஸ்டே 30-ஆம் நாளில் தானாகக் காலாவதியாகும். அப்படி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வழக்குகள் ஓராண்டுக்குள் தள்ளுபடியாகியிருந்தால், மூன்றாம் மனு போட்ட அன்று ஸ்டே பிறப்பதே இல்லை. இங்கே பார்க்க வேண்டியது முந்தைய வழக்கு எப்போது தாக்கலானது என்பதை அல்ல, அது எதுவரை நிலுவையில் இருந்தது என்பதை. 2022-இல் போட்ட மனு 2025 ஜனவரியில் தள்ளுபடியானால், 2025 ஆகஸ்டில் போடும் புதிய மனுவை அது பாதிக்கும்.

டெக்சஸில் வீட்டுக்கடன் ஏலங்கள் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். தவணை தவறியவர் திங்கட்கிழமை திவால் மனு போட்டால் செவ்வாய் ஏலம் நிற்கும். முதல் மனுவின் பலம் அது. அந்த வழக்கு சில மாதங்களில் தள்ளுபடியாகி, அதே ஆண்டில் இன்னொரு திங்கட்கிழமை இரண்டாம் மனு போட்டால் அந்த மாத ஏலமும் நிற்கும். ஆனால் 30 நாள் ஸ்டே அடுத்த முதல் செவ்வாயைக்கூட எட்டாமல் போகலாம். ஸ்டேயை நீட்டிக்கக் கோரும் மனுவைப் போடுவது மட்டும் போதாது. கடன் கொடுத்தவருக்கு அறிவிப்பு போய், விசாரணையும் அந்த 30 நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். அதனால் அந்த நீட்டிப்பு மனு, திவால் மனுவோடு அதே நாளிலோ முதல் வாரத்திலோ போக வேண்டும். அதில் சாதிக்க வேண்டியதும் எளிதன்று. முந்தைய வழக்கில் தாள்களைத் தராமலோ தவணையைக் கட்டாமலோ விட்டிருந்தால், புதிய மனு நல்லெண்ணத்தோடு போடப்படவில்லை என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. அதைத் தெளிவான, உறுதியான சான்றால் நீங்கள்தான் உடைக்க வேண்டும். நிலைமை உண்மையில் மாறியிருக்கிறது என்பதே அந்தச் சான்று: புதிய வேலையின் சம்பளச் சீட்டு, மருத்துவ விடுப்பு முடிந்ததற்கான கடிதம், வருமானம் ஈட்டத் தொடங்கிய துணைவரின் கணக்கு. 30 நாளுக்குப் பின் ஸ்டே எந்த அளவுக்கு விலகுகிறது என்பதில் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சில நீதிமன்றங்கள் கடன்பட்டவரைப் பொறுத்து மட்டுமே விலகுகிறது என்கின்றன. சில, அவருடைய சொத்துக்கும் சேர்த்தே விலகுகிறது என்கின்றன. அந்த வேறுபாட்டை நம்பி நீட்டிப்பு கேட்காமல் இருப்பது வீட்டைப் பணயம் வைப்பது.

மனு போடும் உரிமையே 180 நாளுக்குப் பறிபோகும் இடம் இரண்டு. நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறியதாலோ, ஆஜராகாமல் இருந்ததாலோ வழக்கு தள்ளுபடியாவது ஒன்று. கடன் கொடுத்தவர் ஸ்டேயை விலக்கக் கேட்டு மனு போட்ட பிறகு, கடன்பட்டவர் தாமாகவே வழக்கைத் திரும்பப் பெறுவது மற்றொன்று. இந்த இரண்டாவதில் நல்லவர்களும் விழுகிறார்கள். வங்கி எதிர்மனு போட்டதும் கலங்கி, இதைத் திரும்பப் பெற்றுவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஆறு மாதத்துக்கு வாசலே அடைபடும். வங்கிக்கு அந்த ஆறு மாதம் தாராளம். எதிர்மனு வந்துவிட்டால், திரும்பப் பெறுவதற்கு முன் வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டேயாக வேண்டும்.

டிஸ்சார்ஜ் இல்லாத மனுவால் என்ன பயன்?

கடனே ரத்தாகாது என்றால் எதற்காக மனு போடுவது என்று கேட்பது இயல்பு. எல்லாக் கடனும் ரத்து செய்ய வேண்டிய கடன் அல்ல என்பதே விடை. குழந்தைப் பராமரிப்புத் தொகை, அண்மைக்கால வருமான வரி போன்றவற்றை ரத்து செய்ய முடியாது; வீட்டை வைத்துக்கொள்ள வேண்டுமானால் வீட்டுக்கடன் பாக்கியையும் கட்டியாக வேண்டும். செய்ய முடிவதெல்லாம், அவற்றைக் கட்டி முடிக்க அவகாசம் வாங்குவது. சாப்டர் 7-இல் கிரெடிட் கார்டு, மருத்துவக் கடன்களைத் தீர்த்துக்கொண்ட ஒருவர், நான்கு ஆண்டு ஆகும் முன்பே சாப்டர் 13 மனு போட்டு, வீட்டுப் பாக்கியை 3 முதல் 5 ஆண்டுத் தவணையாக்கிக் கட்டலாம். இரண்டு எண்களையும் கூட்டி வழக்கறிஞர்கள் இதைச் சாப்டர் 20 என்பார்கள். சாப்டர் 7-இல் சொந்தப் பொறுப்பு நீங்கிய பின்னும் வீட்டின் மீது நிற்கும் அடமானத்தைச் சாப்டர் 13 திட்டத்தில் சேர்க்கலாம் என்று 1991-இல் ஜான்சன் எதிர் ஹோம் ஸ்டேட் பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மனு நல்லெண்ணத்தோடு போடப்பட்டதா என்ற சோதனை அப்போதும் உண்டு. இந்த வழியில் பிணையில்லாக் கடன் மிச்சம் வைத்தால், திட்டம் முடிந்ததும் அதைக் கொடுத்தவர் திரும்ப வருவார், வட்டியும் கேட்கலாம். ஆகவே கட்டி முடித்தாக வேண்டிய கடன் உள்ளவருக்கு மட்டுமே இது பொருந்தும்.

சாப்டர் 7-இல் ஒருபோதும் தீராத கடன்

மேலே சொன்ன தடைகள் எல்லாமே காலத்தால் கரைபவை. கரையாத தடை ஒன்றும் உண்டு. முதல் சாப்டர் 7 வழக்கில் சொத்தை மறைத்தது, கணக்கேடுகளை அழித்தது, பொய்ச் சத்தியம் செய்தது போன்ற காரணங்களால் டிஸ்சார்ஜ் மறுக்கப்பட்டால், அன்று இருந்த கடன்கள் எத்தனை ஆண்டு கழித்துச் சாப்டர் 7 மனு போட்டாலும் ரத்தாவதில்லை. எட்டு ஆண்டு ஆகவில்லை என்பதற்காக டிஸ்சார்ஜ் மறுக்கப்பட்டவர் இதில் சேரமாட்டார். நேர்மை தவறியவருக்கே இந்தத் தண்டனை. அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவரும் அங்கே வசித்தால் மனு போடலாம். ஆனால் உலகில் எங்கே சொத்து இருந்தாலும் அட்டவணையில் காட்ட வேண்டும். ஊரில் அப்பா பெயரோடு சேர்ந்திருக்கும் நிலத்தின் பங்கு, லாக்கரில் இருக்கும் நகை, தமிழ்நாட்டு வங்கியில் உள்ள வைப்புநிதி எல்லாம் அதில் அடங்கும். மனு போடுவதற்கு முந்தைய ஓராண்டுக்குள், கடன் கொடுத்தவர் கையில் சிக்கக் கூடாது என்பதற்காக நிலத்தைத் தம்பி பெயருக்கு மாற்றி எழுதுவதும், நகையை அக்காவிடம் கொடுத்துவைப்பதும் டிஸ்சார்ஜை மறுக்கப் போதுமான காரணங்கள். காட்டியிருந்தால் ஒருவேளை அந்தச் சொத்து மட்டும் போயிருக்கும். மறைத்ததால் சொத்தும் போகலாம், கடனும் ஆயுள் முழுக்க நிற்கலாம்.

நியாயமா என்ற கேள்வி

இந்த விதிகளை இரண்டு பக்கத்திலிருந்தும் குறை சொல்பவர்கள் உண்டு. மறுபடி மறுபடி மனு போட விடுவதே ஏமாற்றுக்காரர்களுக்குப் பாதை போடுவது என்பது ஒரு பக்கம். ஊரில் மஞ்சக் கடுதாசி கொடுத்தவரைப் பற்றிப் பேசும் அதே தொனி இதிலும் கேட்கும். ஆனால் 1934-இல் லோக்கல் லோன் எதிர் ஹன்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திவால் சட்டத்தின் நோக்கமாக எடுத்துச்சொன்னது, நேர்மையாக இருந்தும் நொடித்துப்போனவருக்குப் புது வாழ்வு தொடங்க இடம் கொடுப்பதை. நோயும் வேலையிழப்பும் ஒருவருக்கு ஒரு முறைதான் வரும் என்று எந்தச் சட்டமும் உறுதி தர முடியாது. ஏமாற்றுவதற்காகவே மனுக்களை அடுக்குபவர்களுக்கு 30 நாள், 180 நாள் விதிகளுக்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. கடன் கொடுத்தவரைத் தாமதப்படுத்தவோ மோசம் செய்யவோ பல மனுக்களை ஒரு வீட்டின் மீது போட்டதாக நீதிமன்றம் கண்டால், அந்த வீட்டையே குறித்து உத்தரவு போடும். அதை நிலப் பதிவேட்டில் பதிந்துவிட்டால் இரண்டு ஆண்டுக்கு யார் மனு போட்டாலும் அந்த வீட்டுக்கு ஸ்டே பொதுவாகக் கிடைக்காது. வீட்டை மீட்டுத் தருகிறோம் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரருக்கே தெரியாமல் அவர் பெயரில் மனு போடும் கும்பல்கள் இருப்பதால், இந்தப் பூட்டில் அப்பாவிகளும் மாட்டக்கூடும். யாரிடம் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

மறுபக்கத்திலிருந்து வரும் குறை கனமானது. சாப்டர் 7 முடிந்த மூன்றாம் ஆண்டில் புற்றுநோய் வந்தவரிடம் எட்டு ஆண்டு பொறுத்திரு என்று சொல்வது கொடுமை அல்லவா? கொடுமைதான். நோயாளியையும் ஊதாரியையும் ஒரே எண்ணால் அளப்பது இந்த விதியின் குறை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தக் குறைக்குள்ளும் செய்யக்கூடியவை இருக்கின்றன. நான்கு ஆண்டு முடிந்ததும் சாப்டர் 13 டிஸ்சார்ஜுக்கு வாசல் திறக்கும். அதற்குள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: லாப நோக்கற்ற மருத்துவமனைகள் வரிச்சலுகை பெறுவதற்கு நோயாளிகளுக்கான நிதியுதவிக் கொள்கையை எழுதிவைத்திருக்க வேண்டும் என்பது 2010-இல் வந்த சட்டம். சிகிச்சை முடிந்து வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை அந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம். திவால் மனுவால் தீர்க்க முடியாத பில்லை இந்த விண்ணப்பம் குறைத்துவிடவோ, சில வேளை நீக்கிவிடவோ கூடும். வசூல் முகவர் தொலைபேசியில் மிரட்டும்போது இது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. பில் வந்த வாரத்திலேயே செய்துவிட வேண்டும்.

சீக்கிரம் மனு போட்டுவிட்டால் எட்டு ஆண்டும் சீக்கிரம் ஓடிவிடுமே என்று வாதாடுபவர்களும் உண்டு. எண்கணிதப்படி சரி, நடைமுறையில் ஆபத்து. டிஸ்சார்ஜ், மனு போட்ட நாள் வரை ஏற்பட்ட கடனை மட்டுமே தீர்க்கும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே போட்டால், அடுத்த மாதம் வரும் அறுவைச் சிகிச்சை பில் வெளியே நிற்கும், அதைத் தீர்க்க எட்டு ஆண்டு வரை சாப்டர் 7 என்ற கருவியும் இருக்காது. வேலை தேடிக்கொண்டே கார்டில் குடும்பம் நடத்துபவருக்கும் இதே கதி. சம்பளப் பிடித்தமோ ஏலமோ கழுத்தை நெரிக்காத வரையில், கடன் பெருகுவது நின்ற பிறகு போடும் மனுவே முழுப் பலன் தரும்.

மனுவுக்கு முன் எடுக்க வேண்டிய தாள்கள்

இரண்டாம் மனுவை நினைப்பவர் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது முந்தைய வழக்கின் மூன்று தாள்களைக் கொண்டு போக வேண்டும்: தாக்கல் தேதியும் வழக்கு எண்ணும் உள்ள மனு, வழக்கை முடித்த டிஸ்சார்ஜ் அல்லது தள்ளுபடி உத்தரவு, வழக்கின் நிகழ்வுப் பட்டியல். தள்ளுபடி உத்தரவானால் அதன் வாசகத்தை முழுதும் படியுங்கள். சாதாரணத் தள்ளுபடியா, 180 நாள் தடையோடு வந்ததா, குறிப்பிட்ட கடன்களை இனி ரத்து செய்ய முடியாது என்ற நிபந்தனை உண்டா என்பது அதிலேதான் இருக்கும். நிகழ்வுப் பட்டியலில், ஸ்டேயை விலக்கக் கோரும் மனு எந்தத் தேதியில் வந்தது, நீங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றது அதற்கு முன்பா பின்பா என்று பாருங்கள். மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் எடுக்க வேண்டிய கடன் ஆலோசனைப் பயிற்சி பழைய வழக்குக்கு எடுத்ததோடு தீராது. காலம் கடந்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். பணம் குறைவு என்பதற்காக, படிவம் நிரப்பித் தருபவரிடம் எந்தச் சாப்டரில் போடலாம் என்று கேட்காதீர்கள். சட்ட ஆலோசனை சொல்ல அவருக்குச் சட்டத்திலேயே அனுமதி இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவும் இலவசச் சட்ட உதவி அமைப்புகளும், முதல் சந்திப்புக்குக் கட்டணம் வாங்காத திவால் வழக்கறிஞர்களும் பல நகரங்களில் உண்டு. அவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இப்போது எனக்குத் தேவை ஸ்டேயா, டிஸ்சார்ஜா, அவகாசமா என்பது. அந்தத் தேவைக்கு உங்கள் முதல் வழக்கு எந்தக் கதவைத் திறந்துவைத்திருக்கிறது என்று அவர் தாளைக் காட்டி விளக்கும் வரை புதிய மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.